ப்யூர் ப்ரீடா, க்ராஸா, தெருக்குட்டியா: குட்டியோட அம்மாவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

கோயம்புத்தூர்ல தனி வீடு, சின்னதா ஒரு காம்பவுண்ட், 6 வயசுலயும் 9 வயசுலயும் ரெண்டு பிள்ளைங்க, கூட மாமியார், நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க. வீட்டுக்காரர் ஒரிஜினல் லேப் (லேப்ரடார்) தான் வேணும்ங்கிறார். உங்க தம்பி, ஃப்ரெண்டு வீட்ல போட்டிருக்க லேப் க்ராஸ் குட்டியோ இல்ல தெருக்கோடில சுத்துற குட்டிங்கள்ல ஒண்ணோ எடுத்துக்கலாம், க்ராஸுக்கு வியாதியே வராது, ஆயுசும் ஜாஸ்திங்கிறான். யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசில போற போக்குல 'முன்னாடி ஒரு பக் வெச்சிருந்தோம், ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சே ஓஞ்சுட்டோம்'னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, உங்க கேள்வியே அதுதான்னு எனக்கு தோணுது. எந்த குட்டியை எடுத்தா மறுபடி அந்த மாதிரி அவஸ்தைப்படாம இருக்கலாம்னுதான் நீங்க கேக்குறீங்க.

நான் நாய், பூனை மட்டும் பார்க்குற கால்நடை டாக்டர், ரொம்ப வருஷமா இதே வேலை. உங்க தம்பி சொல்றதுல பாதி சரி, வீட்டுக்காரர் சொல்றதுலயும் பாதி சரி, ஆனா அந்த குட்டியோட அம்மா எங்க இருக்கு, அது எப்படிப்பட்டது, யார் எப்படி வளர்க்கிறாங்கன்னு ரெண்டு பேருமே யோசிச்ச மாதிரி தெரியல. ப்யூர் ப்ரீட் குட்டிக்கு நாம கூடுதலா காசு குடுக்குறது எதுக்கு? வளர்ந்தா எவ்ளோ பெருசாகும், முடி எவ்ளோ கொட்டும், என்ன வேலைக்கு உருவாக்குன நாய், எந்தெந்த வியாதிக்கு பயப்படணும்னு முன்னாடியே ஓரளவு தெரியும், அதுக்குத்தான். பெத்தவங்க யாருன்னே தெரியாத குட்டியை ஒரிஜினல்னு நம்பி வாங்கினா அந்த ஒரே லாபமும் போச்சு, நம்ம ஊர் வியாபாரத்துல நிறைய இப்படித்தான் நடக்குது.

முதல்ல சந்தேகமில்லாம தெரிஞ்சதை சொல்லிடறேன். இன்னைக்கு நாம சொல்ற வெளிநாட்டு இனங்கள் பெரும்பாலும் கடந்த 150, 200 வருஷத்துல இப்ப இருக்க உருவத்துக்கு வந்ததுங்க, இங்கிலாந்துல நாய் இனங்களை பதிவு பண்ற கென்னல் கிளப் ஆரம்பிச்சதே 1873ல தான். அப்புறம் ரெஜிஸ்டர்ல பேர் இருக்க நாயோட மட்டும்தான் சேர்க்கலாம்னு கதவை சாத்திட்டாங்க, அதுலயும் ஷோல ஜெயிச்ச ஒரு ஆண் நாயையே திரும்ப திரும்ப பயன்படுத்துறாங்க, தலைமுறை தலைமுறையா அத்தை மகன் மாமன் மகள்னு சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ற குடும்பம் மாதிரி ஆயிடுச்சு. 2021ல வந்த ஒரு ஆய்வுல 227 இனங்களை எடுத்து டிஎன்ஏ பார்த்தாங்க, சராசரி உள்கலப்பு கிட்டத்தட்ட 25 சதவீதம். அதாவது கூடப்பிறந்த அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து பெத்த பிள்ளைக்கு எவ்ளோ இருக்குமோ அவ்ளோ. எல்லா இனமும் இப்படி இல்ல, ஆனா இதுல மறைஞ்சிருக்க கெட்ட ஜீன் ரெண்டு பக்கமும் இருந்து வந்து ஜோடி சேர்ற வாய்ப்பு அதிகமாகுது, டோபர்மேனோட இருதய வியாதி, டால்மேஷனோட யூரிக் ஆசிட் கல்லு எல்லாம் ஒரு இனத்துக்குள்ள இவ்ளோ பரவினதுக்கு இந்த சாத்தின கதவுதான் பெரிய காரணம்.

உங்க பக்கோட கதை கொஞ்சம் வேற. அதோட பிரச்சனை மறைஞ்சிருக்க ஜீன் கிடையாது, கண்ணுக்கு நேரா தெரியுற அந்த மூஞ்சிதான். நாய் உடம்பு சூட்டை மூச்சிரைச்சு தான் வெளிய தள்ளும், மூக்குக்குள்ள நீளமா ஈரமான பரப்பு இருந்தாதான் அது நடக்கும், மூக்கை நசுக்கி வெச்சுட்டா சித்திரை வெயில்ல அந்த ஜீவன் என்ன பண்ணும். 2003ல பக் நடிச்ச அந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்ததுக்கு அப்புறம் தெருவுக்கு ஒரு பக் வந்துச்சு, அக்னி நட்சத்திரத்துல நாக்கு நீலமாகி தூக்கிட்டு வர்ற கேஸ் எல்லா டாக்டரும் பார்த்திருப்பாங்க. அதனால அது நீங்க வளர்த்த விதத்துல வந்த கோளாறுன்னு மனசுல எதையும் வெச்சுக்காதீங்க. ஒண்ணு மட்டும் முடிவா சொல்றேன், பக், ஃப்ரெஞ்ச் புல்டாக், ஷிட்சூ இதுங்களோ, இதுங்களுக்குள்ளயே சேர்த்த க்ராஸோ நம்ம ஊர் வெயிலுக்கு வேண்டாம். சப்பை மூக்கும் சப்பை மூக்கும் சேர்ந்தா க்ராஸ்னு பேர் தான் மாறும், மூக்கு நீளாது.

இப்ப தம்பி சொன்ன 'க்ராஸுக்கு வியாதி வராது'. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கால்நடை ஆஸ்பத்திரில வியாதியோட வந்த 27,254 நாய்களோட ரெக்கார்டை வெச்சு 2013ல ஒரு ஆய்வு போட்டாங்க. 24 பரம்பரை வியாதிகளை எடுத்து ஒப்பிட்டதுல 10 வியாதி ப்யூர் ப்ரீட்ல அதிகம், 13 வியாதில ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல, ஒண்ணு, முட்டி ஜவ்வு கிழியுறது, கலப்பு நாய்ல அதிகம். வித்தியாசம் இல்லாத அந்த 13ல இடுப்பு மூட்டு கோளாறும் இருக்கு, லேப் வாங்குறவங்க ரொம்ப பயப்படுறது அதுக்குத்தான். ஏன்னு யோசிச்சா புரியும், லேப்லயும் இடுப்பு பிரச்சனை, ஜெர்மன் ஷெப்பர்ட்லயும் இடுப்பு பிரச்சனை, ரெண்டையும் சேர்த்தா அந்த குட்டி எங்க போய் தப்பிக்கும்? க்ராஸ் காப்பாத்துறது எப்பன்னா, அப்பா பக்கம் இருக்க கெட்ட ஜீன் அம்மா பக்கம் இல்லாதப்ப. ரெண்டு பக்கமும் அதே ஜீன் இருந்தா கலப்புல ஒரு பிரயோஜனமும் இல்ல, படிப்படியா கண்ணு போகுற ஒரு வியாதி லேப்லயும் பூடில்லயும் ஒரே ஜீன்லதான் வருது, அதனால ரெண்டையும் சேர்த்த லேப்ரடூடில்லயும் வருது. லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ் 2024ல பூடிலோட சேர்த்த இந்த மாதிரி ஃபேஷன் க்ராஸ்கள் மூணை, காக்கப்பூ, லேப்ரடூடில், கவப்பூ, அதுங்களோட பெத்த இனங்களோட ஒப்பிட்டு 57 வியாதி பார்த்தாங்க, பெரும்பாலானதுல வித்தியாசம் கிடையாது.

இன்னொரு பக்கமும் சொல்லணும். 2018ல ஒரு லட்சத்துக்கு மேல நாய்களோட டிஎன்ஏ சோதிச்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. அதுல வியாதி வர்ற அளவுக்கு ஜீன் சேர்ந்திருந்தது கலப்பு நாய்ல சுமார் 2 சதவீதம், ப்யூர் ப்ரீட்ல சுமார் 5 சதவீதம். ஆனா ஏதாவது ஒரு கெட்ட ஜீனை சும்மா சுமந்துட்டு இருந்தது கலப்புல 40, ப்யூர்ல 28. ஆக, அந்த சோதனைல பார்த்த ஜீன் வியாதிகள்ல தம்பி பக்கம் உண்மை இருக்கு, ஆனா 'வியாதியே வராது'ங்கிறது டூ மச்.

ஆயுசு விஷயத்துல தான் எனக்கே உறுதியா ஒரு பக்கம் பேச மனசு வரல, ஏன்னா ஆய்வுகளே ஒண்ணுக்கொண்ணு முட்டுது. 2013ல இங்கிலாந்து டேட்டாவுல க்ராஸ் நாய் 1.2 வருஷம் அதிகமா வாழுதுன்னு வந்துச்சு. 2024ல அதே நாட்டுல 5,84,734 நாய்களை வெச்சு பார்த்தப்ப தலைகீழா, ப்யூர் 12.7 வருஷம், க்ராஸ் 12.0. அந்த ஆய்வுல லேப் 13.1, ஃப்ரெஞ்ச் புல்டாக் 9.8, இதை பாருங்க, ப்யூருக்கும் க்ராஸுக்கும் நடுவுல இருக்க வித்தியாசத்தை விட ப்யூருக்குள்ளயே இருக்க வித்தியாசம் பல மடங்கு பெருசு. அதுவும் இல்லாம இதெல்லாம் இங்கிலாந்து வீட்டு நாய்ங்க, உண்ணிக்காய்ச்சலும் பார்வோவும் (குட்டிங்களுக்கு ரத்தக்கழிசல் வர வைக்கிற வைரஸ்) நம்ம அளவுக்கு பார்க்காத நாய்ங்க. நம்ம ஊர்ல குட்டியா இருக்கப்ப ஊசி போட்டாங்களா, உண்ணி மருந்து மாசாமாசம் போகுதா, உடம்பு எடை கட்டுக்குள்ள இருக்கா, இந்த மூணும்தான் ஆயுசுல பெரிய பங்கு எடுத்துக்குதுன்னு கிளினிக்ல பார்த்தே சொல்லுவேன்.

தெருக்குட்டிக்கு வருவோம். நம்ம நாட்டு நாயை க்ராஸ்னு சொல்றதே சரியில்ல, அது ரெண்டு மூணு இனம் கலந்து வந்தது கிடையாது, மனுஷன் ஜோடி சேர்த்து விடாம காலகாலமா அதுவா பெருகி இந்த வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகின உருப்படி. ரொம்ப பெருசும் இல்ல சின்னதும் இல்ல, நீளமான மூக்கு, குட்டை முடி. உடம்பு வாகுல எனக்கு ஒரு குறையும் தெரியல. ஆனா 'நாட்டு நாய்க்கு எதுவும் ஆகாது சார், கல்லு மாதிரி'ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது ஏன்னு தெரியுமா? நம்ம கண்ணுல படுறது பொழைச்சதுங்க மட்டும்தான். கொல்கத்தால இருக்க ஐஐஎஸ்இஆர்ங்கிற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துல 364 தெருக்குட்டிகளை பிறந்ததுல இருந்து பின்தொடர்ந்து 2016ல வெளியிட்டாங்க, இனப்பெருக்க வயசு வரைக்கும் உயிரோட இருந்தது 19 சதவீதம், அஞ்சுல ஒண்ணு கூட இல்ல. அதுல பெரும்பகுதி சாவுக்கு மனுஷங்கதான் காரணம், வண்டி, விஷம், தூக்கிட்டு போறதுன்னு, ஆனா வியாதியும் இருக்கு. நீங்க தெருவுல இருந்து எடுத்துட்டு வர்ற குட்டி பொழைக்கிற ரகமா இல்லையான்னு இன்னும் தெரியாத வயசுல வருது. ஈறு வெளுத்து, வயிறு மட்டும் பந்து மாதிரி, குடற்புழுவோட ரத்தசோகைல வரும், பார்வோ உள்ள இருந்து நாலஞ்சு நாள் கழிச்சு வெளிய வரும். எடுக்க வேண்டாம்னு சொல்லல, எடுத்த அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, முதல் ரெண்டு வாரம் பிள்ளைங்க மடில தூங்க விடாதீங்க, சொறி இருந்தா அவங்களுக்கும் அரிக்கும். தடுப்பூசி போடாத குட்டி பல்லு பட்டு லேசா கீறினாலும், ரத்தம் வரலைன்னாலும், 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி போய் ஊசி போட்டுக்கணும், 'குட்டி தானே'ன்னு விடவே கூடாது, வெறிநோய் வந்துட்டா வைத்தியம் கிடையாது.

குணம். லேப்னா பிள்ளைங்களுக்கு நல்லது, நாட்டு நாய்னா கடிக்கும்னு மாமியார் சொல்லியிருக்கலாம், நிறைய வீட்ல சொல்றாங்க. 2022ல 18,000க்கு மேல நாய்களோட ஓனர்கள்கிட்ட கேள்வி கேட்டு, அதுல 2,000க்கு மேல டிஎன்ஏவும் பார்த்த ஆய்வு 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு, ஒரு தனி நாயோட நடத்தைல இனத்தால விளக்க முடிஞ்சது சுமார் 9 சதவீதம்தான். பொருளை கவ்விட்டு வர்றது, சொன்னா கேக்குறது இந்த மாதிரி சிலதுல இனத்துக்கு கொஞ்சம் அதிக பங்கு, சீக்கிரம் கோவப்படுறதுல ரொம்ப கம்மி. அதனால இனமே ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன், நான் மேஜைல தினமும் பார்க்குறதுல லேப் குட்டி ஊசி போடுறப்பவும் வாலாட்டும், அது உண்மை. ஆனா பிறந்த 3வது வாரத்துல இருந்து 12, 14 வாரம் வரைக்கும் குட்டி யாரை பார்த்துச்சு, என்ன சத்தம் கேட்டுச்சு, யார் கை பட்டுச்சுங்கிறது அதை விட பெருசு. கூண்டுலயே 2 மாசம் இருந்த, பேப்பர் (வம்ச சர்டிஃபிகேட்) போட்ட லேப் குட்டி, மிக்ஸி சத்தத்துக்கே கட்டிலுக்கு அடில போய் ஒண்ணுக்கு போயிடும். டீக்கடை வாசல்ல ஆளு பேரு பழகி வளர்ந்த தெருக்குட்டி ஆட்டோ சத்தத்துக்கு காதை கூட திருப்பாது.

'ஒரிஜினல்'ங்கிற வியாபாரத்தை பத்தி கொஞ்சம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா குடுக்குற சர்டிஃபிகேட் அந்த நாயோட வம்சத்துக்கு சாட்சி, ஆரோக்கியத்துக்கு இல்ல. அதையும் நாயோட தோலுக்கு அடில வெச்சிருக்க மைக்ரோசிப் நம்பரோட ஒத்துப்போகுதான்னு பார்க்கணும், இல்லன்னா வேற நாயோட பேப்பரா கூட இருக்கலாம். பேப்பர் இல்லாத லேப்னா சொல்றவர் வாய் வார்த்தைதான் ஆதாரம். 'டபுள் போன்', 'ஹெவி போன்', 'பஞ்ச் ஃபேஸ்'னு விக்கிறவர் சொல்றதெல்லாம் எந்த இன விவரத்துலயும் கிடையாது, வேகமா எடை போடுற கனமான குட்டிக்கு இடுப்பு மூட்டுல பிரச்சனை வர்ற வாய்ப்பு அதிகம், அதுக்குத்தான் நீங்க கூட காசு குடுக்குறீங்க. பொமேரியன்னு நம்ம ஊர்ல பாதி வீட்ல இருக்கது உண்மைல இந்தியன் ஸ்பிட்ஸ், ஆனா அது நம்ம வெயிலுக்கு பழகின நல்ல நாய், அந்த ஏமாத்தத்துல லாபம்தான். அப்புறம், 2017ல வந்த மத்திய அரசு விதிப்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், 8 வாரத்துக்கு கீழ குட்டியை விக்கவே கூடாது. சந்தைல 30 நாள் குட்டியை அட்டைப்பெட்டில வெச்சு '45 நாள் ஆச்சு'ன்னு சொல்வாங்க. முன்பல்லு சின்னது எல்லாம் முளைச்சிருக்கா, நடை தள்ளாடாம இருக்கான்னு பார்த்தாலே பொய் தெரிஞ்சிடும்.

நீங்க கேக்கல, ஆனா வீட்டுக்காரருக்கு ப்யூர் தான் வேணும்னா நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை ஞாபகம் வரும், அதனால சொல்லிடறேன். ரெண்டும் அருமையான நாய், ஆனா வேட்டைக்கு உருவானதுங்க, ஓட இடம் வேணும், பூனை, ஆட்டை பார்த்தா துரத்தும், ராஜபாளையம் புது ஆளை லேசுல ஏத்துக்காது. பிள்ளைங்களோட ஃப்ரெண்ட்ஸ் வந்து போற உங்க வீட்டுக்கு நான் முதல்ல சொல்ற பேர் இல்ல. ராஜபாளையத்தோட வெள்ளை நிறத்தோட சேர்ந்து பிறவிச் செவிடு வருது. கை தட்டி பார்த்தா ஏமாந்துடுவீங்க, காத்து அசையுறதை உணர்ந்து திரும்பும். குட்டி அசந்து தூங்குறப்ப, பின்பக்கமா கொஞ்சம் தள்ளி நின்னு, தரையை மிதிக்காம சாவிக்கொத்தை குலுக்குங்க, காது அசையுதான்னு பாருங்க. ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இதுலயும் பாஸ் ஆகிடும், அதுக்கு கருவி வெச்சு தான் பார்க்கணும்.

லேப் எடுத்தா உங்க வீட்ல வரப்போற முதல் சண்டை சாப்பாட்டை பத்தித்தான். கேம்பிரிட்ஜ் ஆட்கள் 2016ல கண்டுபிடிச்சாங்க, லேப்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு பசி அடங்குற ஜீன்ல ஒரு துண்டு காணோம், அதுங்க சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே மறுபடி பசியோட நிக்கும். 2024ல அதே குழு, அந்த நாய்ங்க சும்மா இருக்கப்ப எரிக்கிற சக்தியும் சுமார் 25 சதவீதம் கம்மின்னு சொன்னாங்க. பாட்டி 'பாவம் பசிக்குது'ன்னு ஒரு இட்லி, பேரன் ஒரு பிஸ்கட், ஒரு வருஷத்துல 30 கிலோ நாய் 40 கிலோ, அப்புறம் மூட்டு. இன்னொண்ணு, 10 மாச லேப்புக்கு உடம்பு பெருசு, புத்தி இன்னும் குட்டி, வாசல்ல யாராவது வந்தா பாயும், மாமியார் குறுக்க நின்னா விழுந்துடுவாங்க. பழக்குனா ரொம்ப நல்ல நாய்தான், ஆனா பழக்க ஆள் வேணும், நீங்க ரெண்டு பேரும் காலைல போனா சாயங்காலம்தான் வருவீங்க. 2 மாச குட்டிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளிய கூட்டிட்டு போகணும், அந்த வேலை யார் தலைல விழும்னு இப்பவே பேசிடுங்க.

அதனால உங்க நிலைமைல நான் முதல்ல பார்க்க சொல்றது யாரும் சொல்லாத மூணாவது ஒண்ணை, ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆன, கருத்தடை பண்ணி ஊசி போட்ட கலப்பு நாயோ நாட்டு நாயோ. தத்து குடுக்குற அமைப்புகள்ல இருக்கும், ஊர் மாத்திட்டு போறவங்க விட்டுட்டு போறதும் இருக்கும். அதோட உயரம், எடை, குணம் எல்லாம் ஏற்கனவே வெளிய வந்தாச்சு, யூகமே வேண்டாம், பேப்பர் போட்ட குட்டியை விட இதைப் பத்தி உங்களுக்கு அதிகமா தெரியும். பிள்ளைங்களை கூட்டிட்டு ரெண்டு மூணு நாள் போய் பழகி பாருங்க, சாப்பிடுறப்ப கிட்ட போனா உறுமுதா, சின்னவன் ஓடுறப்ப துரத்தி கவ்வுதான்னு அங்க இருக்கவங்ககிட்ட கேளுங்க. குட்டிதான் வேணும்னு எல்லாரும் பிடிவாதமா இருந்தா அடுத்தது தம்பி சொன்ன அந்த ஃப்ரெண்டு வீட்டு லேப் க்ராஸ், க்ராஸ்ங்கிறதுக்காக இல்ல, அம்மா நாய் கண்ணு முன்னாடி இருக்கு, வீட்டுக்குள்ள வளர்ந்த குட்டி. ப்யூர் லேப்னா பெத்ததுங்க ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கான்னு கேளுங்க. நம்ம ஊர்ல எடுத்தவங்க கம்மி, கேட்ட உடனே கோவப்படுற ஆள்கிட்ட வாங்காதீங்க.

பார்க்க போறப்ப அம்மா நாயை வெளிய கொண்டு வர சொல்லுங்க. 'அது வேற ஊர்ல இருக்கு'ன்னா கிளம்பிடுங்க. அம்மா உங்களை பார்த்து குலைச்சாலும் ஓனர் சொன்னதும் அடங்கி வந்து மோந்து பார்க்குதா, இல்ல மூலைல ஒடுங்கி பல்லை காட்டுதா, அதோட மடி வத்தி எலும்பு தெரியுதா, எல்லாம் பாருங்க. குட்டியை மல்லாக்க தூக்கி தொப்புள்ல குடலிறக்கம் இருக்கா, ஈறு ரோஸ் கலர்ல இருக்கா, பின்பக்கம் கழிசல் ஒட்டியிருக்கான்னு பாருங்க. 'ஊசி எல்லாம் போட்டாச்சு'ன்னு சொன்னா தடுப்பூசி புக்கை கேளுங்க, பாட்டில்ல இருந்து உரிச்ச ஸ்டிக்கரும் பேட்ச் நம்பரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கணும், தேதி மட்டும் பேனால எழுதியிருந்தா போடலைன்னே வெச்சுக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க. 6, 8 வாரத்துல முதல் ஊசி, மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும், வெறிநோய்க்கு 3 மாசத்துல, அப்புறம் வருஷா வருஷம். அந்த 16 வாரம் முடியுற வரைக்கும் மத்த நாய் நடமாடுற தெருவுல தரைல விடாதீங்க, ஆனா கைல தூக்கிட்டு தினமும் வாசல் வரைக்கும் போய் வண்டி, ஆளு, குழந்தை எல்லாத்தையும் காட்டுங்க.